படுத்த படுக்கையாக ஓர் அத்தை தேவை

பெருமதிப்பிற்குரிய மச்சான் செல்லமுத்து அவர்களின் சமூகத்துக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் ராஜாங்கம் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை ஜெயம்மாள், மகள் கலையரசி, கறவை மாடு, கிணற்று மோட்டார் எல்லாரும் சுகம். அங்கே வெள்ளிமலையில் நீங்களும், வீட்டில் உள்ளவர்களும், சாமைக் காடும், உங்கள் ஜீப்பின் பிரேக்கும் சுகமாக இருக்க வேண்டும் என்று குலசாமியைக் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குப் போன் போட்டால் எப்போதும் ஒரு பெண் குறுக்கே வந்து, நீங்கள் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொல்கிறாள். அதனால்தான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன். வெள்ளிமலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டால், அவள் தயவு இல்லாமலேயே உங்கள் கைக்கு வந்து சேர்ந்துவிடும்.

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவசரமாக ஓர் அத்தை வேண்டும். எழுபது வயதுக்குக் குறையக் கூடாது. எழுந்து நடக்க முடியாதவராக இருந்தால் உத்தமம். நன்றாக முனகத் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் கோபக்காரராகவும் இருந்தால் கோடி புண்ணியம். ஒரே ஒரு நாள் போதும், வேளாவேளைக்குச் சோறு போட்டு, அடுத்த நாளே பத்திரமாக மலைக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

பதற வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் பார்த்துச் சொன்ன திருநாவலூர் வரன் போன ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். தாய்மாமன் நீங்கள் முன்னால் நிற்க வேண்டியது. மலை ரோட்டில் மரம் விழுந்து ஜீப் இறங்க முடியவில்லை என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினீர்கள். அந்தப் பாழாய்ப்போன மரம் விழுவதற்கு வேறு நாளே கிடைக்கவில்லையா? என் வாய்க்குக் கடிவாளம் போட இந்தக் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான் உண்டு. போன தடவை வந்தவர்களிடம், கேட்காமலேயே, “பொண்ணு தேவாரமெல்லாம் பாடுவா” என்று எடுத்துவிட்டேன். அவர்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, “எங்க, பாடச் சொல்லுங்க” என்றார்கள். கலையரசி என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், அந்தப் பார்வைக்கே அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அதற்கு முந்தி வந்தவர்களும் ஊருக்குப் போய்க் கலந்து பேசிச் சொல்லி அனுப்புவதாகப் போனார்கள், இன்னும் கலந்து பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இது மூன்றாவது. கலையரசி வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பையன் தமிழழகனின் போட்டோவை மட்டும் சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தாள். பெற்றவனுக்குப் புரியாதா? அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இதையும் நான் கெடுத்துவிட்டால் அவள் முகத்தில் எப்படி முழிப்பேன்? திருநாவலூரோ சுந்தரர் பிறந்த ஊர். அவர்களிடம் தேவாரம் என்று ஆரம்பித்தால் தொலைந்தோம். ஆகவே பேசுவதே இல்லை என்று முடிவு கட்டி, காலையிலேயே வாய் நிறைய வெற்றிலையை அடைத்துக்கொண்டேன்.

வினை எங்கிருந்து வந்தது என்றால் அந்தக் கேம் பெட்டியிலிருந்து. கலையரசி கள்ளக்குறிச்சி ஸ்கேன் சென்டருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்ததும் ஆசைப்பட்டு வாங்கி, உள் அறை டிவியில் மாட்டினாளே, அதேதான். அதில் ஒரு போலீஸ்காரப் பெண். பாழடைந்த ஆஸ்பத்திரி. செத்தவர்கள் எல்லாம் செத்த பிறகும் சும்மா கிடக்காமல் எழுந்து கடிக்க வருகிறார்கள். சுட்டுத் தள்ளிவிட்டுப் போகலாம் என்றால் துப்பாக்கியில் குண்டு இருக்காது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று பொறுக்க வேண்டும். கடிபட்டால் போட்டுக்கொள்ளப் பச்சிலை, அதுவும் அபூர்வமாகத்தான் கிடைக்கும். கையில் ஒரு சின்னப் பை. சாவியை வைத்தால் பச்சிலைக்கு இடமில்லை, பச்சிலையை வைத்தால் டார்ச்சுக்கு இடமில்லை. “ஏம்மா, எல்லாத்தையும் தாராளமாக் குடுத்துட்டா இன்னா?” என்று கேட்டேன். “எல்லாம் ஜாஸ்தியா இருந்தா பயமே இருக்காதுப்பா. கம்மியா இருக்கறதுலதான் ஆட்டமே” என்றாள். கரும்புக்குத் தண்ணீர் பற்றாமல் நான் பயந்துகொண்டிருந்ததெல்லாம் ஆட்டம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னொரு கொடுமை, அதை நினைத்த இடத்தில் அணைக்க முடியாது. எங்கேயோ ஓர் அறையில் ஒரு டேப் ரெக்கார்டர் இருக்கிறதாம். அங்கே உயிரோடு போய்ச் சேர்ந்து பதிந்தால்தான் அதுவரை ஆடியது நிற்கும். இல்லாவிட்டால் அவ்வளவும் வீண், மறுபடி முதலில் இருந்து ஆட வேண்டும்.

பெண் பார்க்க வருகிற அன்றைக்குக் காலையில் எந்தப் பெண்ணாவது இதை ஆடுவாளா? இவள் ஆடினாள். வருகிறவர்களாவது சொன்னபடி மத்தியானம் வரக் கூடாதா? இட்லித் தட்டு கழுவுவதற்குள் வந்து நின்றார்கள். பையன்தான் அவசரப்படுத்தி முன் பஸ்ஸில் ஏற்றிவிட்டானாம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போது இவள் நைட்டியோடு டிவி முன்னால். “அமத்துடி!” என்றேன். “ரெக்கார்டர் ரூமுக்கு இன்னும் ரெண்டு கதவுதாம்ப்பா. இப்ப அமத்தினா எல்லாம் பூடும்” என்று ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு, சேலை கட்ட ஜெயம்மாள் பின்னால் ஓடினாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். டிவியை அணைக்கலாம் என்று அந்த இரண்டு கைப்பிடி வைத்த சாமானை எடுத்து ஒரு பொத்தானை அமுக்கினேன். நின்றிருந்த ஆட்டம் ஓட ஆரம்பித்துவிட்டது. இருந்த பொத்தானை எல்லாம் அமுக்கினேன். போலீஸ்காரி குனிந்தாள், நிமிர்ந்தாள், டார்ச் அடித்தாள், அணைய மட்டும் இல்லை. கடைசியில் கட்டிலில் கிடந்த பூப்போட்ட போர்வையை எடுத்து டிவியைத் தலையோடு கால் மூடி, அறைக் கதவைச் சாத்திவிட்டு, கூடத்துக்கு வந்து கும்பிட்டேன். சுவரில் சுவிட்ச் என்று ஒன்று இருப்பது எனக்குச் சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது.

வந்தது மூன்று பேர். பையன் நல்ல வாட்டசாட்டம், செல்போன் டவர் வேலை பார்க்கிறவன் என்று நீங்கள் சொன்னதுதான். வாயே திறக்கவில்லை. அப்பா பழனி சிரித்த முகம். அம்மா பச்சையம்மாள்தான் நீதிபதி. நெல்லும் கரும்புமாக மொத்த விவசாயத்தையும் தானே கட்டி ஆளுகிறவராம். உட்கார்ந்ததும் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை. ஆளில்லாத சமையலறைப் பக்கம் எரிந்துகொண்டிருந்த லைட்டைத் தானே எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு வீட்டுக்காரரிடம் மெதுவாக, ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி, “பாத்துட்டு ரெண்டு மணி பஸ்ஸப் புடிச்சிடணும். எங்க அண்ணன் பொண்ணு காத்துக்கினு இருக்கும்போது இங்க இன்னாத்துக்கு வந்தோம்னு இருக்குது” என்றார். நீங்களே சொல்லுங்கள் மச்சான். சொந்த அண்ணன் மகளை விட்டுவிட்டு நம் பெண்ணை யார் எடுப்பார்கள்?

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து “ஹ்ஹ்ம்ம்ம்... ஆஆஆ...” என்று ஒரு முனகல்.

“இன்னாங்க அது?” என்றார் பழனி.

எனக்கு வாய் நிறைய வெற்றிலை. வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வருவதற்குள் ஒரு பொய் தயாராகிவிட்டது. “எங்க அத்தைங்க. அப்பாகூடப் பொறந்தவங்க. ரொம்ப நாளா படுத்த படுக்கை.”

எனக்கு அத்தையே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். அப்பாவோடு பிறந்தது எல்லாம் ஆண். ஆனால் சொன்ன மாத்திரத்தில் எனக்கே அத்தை மேல் பாசம் வந்துவிட்டது. அதற்குள் உள்ளே டமார் டமார் என்று சத்தம். பிணம் கதவை இடிக்கிறது.

“கதவ இடிக்கிறாங்களே?” என்றார் பச்சையம்மாள்.

“கோவக்காரங்க.”

“படுத்த படுக்கைன்னீங்க?”

“படுத்துக்கினேதாங்க இடிப்பாங்க.”

அந்த அம்மா எழுந்துவிட்டார். “முடியாதவங்க இருக்கற வூட்டுக்கு வந்துட்டுப் பாக்காமப் போனா நல்லாவா இருக்கும்?” என்று, நமக்காகக் கொண்டு வந்த ஆப்பிள் பையைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக உள் அறைக்குள் போய்விட்டார். நான் பின்னால் ஓடினேன். கட்டில் காலி. சுவரோரம் பூப்போட்ட போர்வைக்குள்ளிருந்து முனகல் வருகிறது. அந்த அம்மா பக்கத்தில் போய், நோயாளியின் முகத்தைப் பார்க்கிற மரியாதையோடு, போர்வையின் நுனியை மெல்ல விலக்கினார். அந்த நேரத்திலா அது கதவை உடைத்துக்கொண்டு வர வேண்டும்? பாதிக் கன்னம் இல்லை. பல் மொத்தமும் வெளியே. திரை நிறைய ஒரு முகம். பச்சையம்மாள் போட்ட சத்தத்தில் கொட்டகையில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. ஆப்பிள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் உருண்டது.

“இதுவாய்யா ஒங்க அத்தை?”

“இல்லைங்க. அத்தை இப்பதான் காத்தாட கொல்லப்பக்கம் போனாங்க” என்றேன்.

“படுத்த படுக்கைன்னு சொன்னீங்களே!”

“நேத்து வரைக்குங்க.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் சம்பந்தம் முறிந்ததை நான் கண்ணால் கண்டேன். அதற்குள் கலையரசி ஓடி வந்துவிட்டாள். சேலை பாதி செருகியிருந்தது, பூ ஒரு பக்கம் தொங்கியது. பெரியவர்களுக்குக் கும்பிடு இல்லை, கையில் காபித் தட்டு இல்லை. “ஐயோ, கடிக்குதுப்பா!” என்று தரையில் உட்கார்ந்து, கண்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டாள். திரையில் போலீஸ்காரி பிணத்தைத் தள்ளிவிட்டு நொண்டிக்கொண்டு ஓடினாள். பழனிக்கு உற்சாகம் வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

“ரெண்டு குண்டு இருக்குதே, சுடும்மா!”

“வேணாங்க. இது மெதுவாத்தான் வரும், சுத்திக்கினு போயிடலாம். பின்னால பெருசு ஒண்ணு இருக்குது, அதுக்கு வோணும்.”

“ரத்தம் வருதே, அந்தப் பச்சிலையயாவது போடேன்.”

“இன்னும் நடக்க முடியுதுங்களே. முடியாதப்ப போட்டுக்கலாம்.”

வாசல் பக்கம் திரும்பியிருந்த பச்சையம்மாள் நின்றார். கட்டியிருந்த கை இறங்கியது. “அதானே!” என்றார் வீட்டுக்காரரிடம். “கைல இருக்குதுன்னு ஒடனே எறைச்சிடணுமா? எங்கூட்லயும் இருக்குதே ரெண்டு ஜென்மம், ஒரு சோப்பு ஒரு வாரம் தாங்காது.” அப்படியே இரண்டடி உள்ளே வந்து, கண்ணைச் சுருக்கி, “ஏம்மா, அந்த மேசை மேல இன்னாவோ மின்னுது பாரு. உட்டுட்டுப் போறியே” என்றார். அது ஒரு சாவி. கலையரசி தேடிக்கொண்டிருந்த சாவியாம். அதற்கப்புறம் அந்த அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்ததை மாப்பிள்ளைப் பையன் கெடுத்தான். “நான் ஒரு தடவ ஆடட்டுமா?” என்று அன்றைக்கு முதன்முதலாக வாயைத் திறந்தான். கொடுத்தாள். வாங்கிய வேகத்தில் இரண்டு குண்டையும் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் சுட்டுத் தீர்த்தான். அந்தரத்தில் தொங்கிக்கொண்டு நட்டு முடுக்குகிற கை, எதிரில் நிற்கிற பிணத்தைக் குறி பார்க்கவில்லை என்றால் என்ன சொல்வது? பச்சையம்மாள் எட்டி அவன் பின்மண்டையில் ஒன்று வைத்தார். “அறிவுகெட்டவனே! அந்தப் பொண்ணு உசுரக் குடுத்து சேத்து வெச்சதுடா! குடுடா இங்க. நீ சொல்லும்மா, எத அமுக்கினா நடக்கும்?”

அதிலிருந்து இரண்டு பேரும் ஒரே கட்சி. ஒருவர் நடக்க, ஒருவர் வழி பார்க்க, கை மாற்றி மாற்றி ஆடினார்கள். நடுவில் கலையரசி, “அத்தே, எடது பக்கம்!” என்று கத்தினாள். என் அத்தைதான் கொல்லையிலிருந்து வந்துவிட்டாரோ என்று நான் பயந்து வாசலைப் பார்த்தேன். பச்சையம்மாளைத்தான் அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள், அவரும் சரியென்று இடது பக்கம் திரும்பினார். ரெண்டு மணி பஸ் ஊரைக் கடந்து ஆரன் அடித்துக்கொண்டு போனது. ஒருவரும் காதில் வாங்கவில்லை.

பசி நேரம் தாண்டிவிட்டது. ஜெயம்மாள் என்ன நினைத்தாளோ, கத்திரிக்காய் முருங்கைக்காய் போட்ட புளிக்குழம்பும் சோறுமாகத் தட்டுகளைக் கொண்டு வந்து ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தாள். மூன்று பேர் வீட்டுக்கு எதற்கு இவ்வளவு பெரிய பானையில் குழம்பு வைக்கிறாள் என்று நான் காலையிலேயே கேட்டேன், மீந்தால் மாட்டுக்கு ஆகும் என்றாள். எல்லாரும் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். முதல் வாயிலேயே எனக்கு உறைத்துவிட்டது. பேச்சு முடிவாகாத வீட்டில் காபியும் பலகாரமும்தான். சோற்றில் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். ஜெயம்மாளைப் பார்க்க உங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்குக் குழம்பு வாசனையில் நான் இலைப்பக்கம் நகர, எங்கள் அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இங்கே பச்சையம்மாளோ இரண்டாம் தரம் குழம்பு வாங்கிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டால் எழுந்துவிடுவார்கள், சொல்லாவிட்டால் பாவம். வெற்றிலை வேறு துப்பிவிட்டேன். ஒரு முருங்கைக்காயை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கலையரசி சொன்ன அந்தப் பெரிசு கடைசியில் வந்தது. குண்டு ஒன்றுகூட இல்லை. “அந்த ஷட்டர எறக்கிடும்மா!” என்று பச்சையம்மாள் கத்த, இவள் இறக்க, அது மறுபக்கம் மாட்டிக்கொள்ள, போலீஸ்காரி கடைசிப் பச்சிலையைப் போட்டுக்கொண்டு டேப் ரெக்கார்டர் அறைக்குள் விழுந்தாள். கலையரசி பதிந்தாள். குழம்புக் கையோடு எல்லாரும் தட்டினோம். தட்டின கையைப் பார்த்த பழனிக்குத்தான் முதலில் பொறி தட்டியது.

“ஏ பச்ச, கை நனைச்சிட்டமே!”

ஒவ்வொருவரும் தங்கள் கையையே பார்த்தோம். கலையரசி தலையைக் குனிந்துகொண்டாள். பச்சையம்மாள் தன் கையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், பூ தொங்குகிற கலையரசியைப் பார்த்தார்.

“நனைச்சாச்சி. இனிமே இன்னா பண்றது?” என்றார். “மோரு இருக்குதா?”

நான் அழுதுவிட்டேன் மச்சான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷத்தில் தேம்பித் தேம்பி அழுதேன். அத்தையை நினைத்து அழுவதாக எண்ணிப் பழனி எனக்கு ஆறுதல் சொன்னார்.

இப்போது சிக்கல் அங்கேதான். வளர்பிறையில் நல்ல நாள் பார்த்துப் பூ வைக்க வருகிறார்கள். கிளம்பும்போது அந்த அம்மா வாசலில் நின்று, “அடுத்த வாட்டி ஒங்க அத்தையக் கண்டிப்பா பாக்கணும். அந்த ஆப்புளு அவங்களுக்குத்தான்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால்தான் கேட்கிறேன். மலையில் எத்தனையோ பெரியம்மாக்கள் இருப்பார்கள், தோதான ஒருவரை ஜீப்பில் முன் சீட்டில் வைத்து மெதுவாகக் கூட்டி வாருங்கள். யோசித்துப் பார்த்தால் இந்தச் சம்பந்தம் கூடியதே என் சமயோசிதத்தால்தான். அத்தை இல்லாவிட்டால் அந்த அம்மா உள் அறைக்கே போயிருக்க மாட்டார். யாரும் திட்டம் போட்டு நடத்தக்கூடிய காரியமா இது? எல்லாம் தற்செயல், தெய்வச் செயல், கொஞ்சம் என் செயல்.

உங்கள் வண்டிக்கு எந்த வளைவிலும் எதிரில் லாரி வராமல் இருக்கவும், சாமை பொதி பொதியாக விளையவும் வேண்டிக்கொண்டு, வீட்டில் பெரியவர்களுக்குக் கும்பிடும் சின்னவர்களுக்கு ஆசியும் சொல்லி முடிக்கும்,

உங்கள் அன்புள்ள,
ராஜாங்கம்

பின்குறிப்பு: அண்ணா, ஜெயம்மாள் எழுதுகிறேன். கண்டக்டரிடம் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். பஸ் வருவதற்குள் படித்துச் சிரிக்கிறேன், பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். விழாத மரத்தை இவர் இன்னும் திட்டிக்கினு இருக்கிறார். நீ வராததே நல்லது, வந்திருந்தால் சிரித்தே காட்டிக்கொடுத்திருப்பாய். உன் ஜீப்பில் டவர் வேலைக்கு வந்த பையனிடம், “எங்க கலையரசியும் இந்தப் பைத்தியக்கார ஆட்டந்தான் ஆடுறா” என்று நீ அவள் நம்பரைக் கொடுத்ததில் ஆரம்பித்தது எதுவும் இவருக்குத் தெரியாது. முன் பஸ், அணைக்காத ஆட்டம், அம்மாவுக்குக் கோபம் வரணும்னு பையன் சுவத்துல சுட்ட குண்டு, பெரிய பானைக் குழம்பு எல்லாம் நாம பேசி வெச்சபடியே நடந்தது. அந்த அத்தை மட்டும்தான் நம்ம திட்டத்துல இல்லாதவங்க. எல்லாம் கெட்டுதுன்னு அடுப்படியில கையப் பிசைஞ்சிக்கினு நின்னேன்.

ஆனால் கேள். கை கழுவ நான் தண்ணீர் மொண்டு ஊற்றும்போது பச்சையம்மாள் சொன்னார்: “ரெண்டு மாசமா எம்புள்ள போன காதுல வெச்சிக்கினு, எடது பக்கம் போ, சோத்தாங்கை பக்கம் போன்னு யாருக்கோ வழி சொல்லிக்கினே இருந்தான். எனக்குக் காது கேக்காதா? அது யாருன்னு பாக்கத்தாம்மா வந்தேன். தெரிஞ்சேதான் கை நனைச்சேன்.” “அப்போ ஒங்க அண்ணன் பொண்ணு?” என்று கேட்டேன். “எனக்கு ஏதும்மா அண்ணன்? ஒங்க வூட்டுக்காரருக்கு அத்தை மாதிரிதான்” என்றார்.

இதையெல்லாம் இவரிடம் நான் சொல்லவில்லை. கல்யாணத்தைத் தான்தான் முடித்து வைத்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, பத்து வயசு குறைந்த மாதிரி திரிகிறார். அதனால் நீ எப்படியாவது ஒரு பெரியம்மாவைக் கூட்டிக்கினு வந்துவிடு. பச்சையம்மாளும் ஒரு அண்ணனைக் கூட்டிக்கினு வர்றாங்களாம்.